வேதநூல் கதைகளைத் திருப்பி எழுதும் புனைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதிகாசம், விவிலியம், குர்ஆன் ஆகியவற்றில் வரும் கதைகளை எடுத்து நாவலோ சிறுகதையோ எழுதுகிறவர்கள் சில கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் இந்த வகையில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன், அதைவிட நிறையப் படித்திருக்கிறேன். கீழே இருப்பவை ஒரு வாசகனின் பதில்கள். சமயத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த எழுத்தை இந்த வகையில் சேர்ப்பது?

மூலநூலின் ஆட்களும் முக்கியச் சம்பவங்களும் இருக்க வேண்டும். சொல்பவரோ, பார்க்கும் கோணமோ, சம்பவங்களுக்கு நடுவே நிகழ்வதோ புதிதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பையும் சுருக்கத்தையும் இதில் சேர்ப்பதில்லை. இன்றைய நகரத்து இளைஞன் ஒருவனுக்குக் கர்ணனின் வாழ்க்கையைக் கொடுத்து எழுதினால் அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

ராமாயண மகாபாரதத்தை வேதநூல் என்று சொல்லலாமா?

கறாராகச் சொன்னால் வேதம் சுருதி, அதாவது கேட்கப்பட்டது; இதிகாசமும் புராணமும் ஸ்மிருதி, அதாவது நினைவில் வைத்துச் சொல்லப்பட்டது. அதனால்தான் வேதத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதிக் காப்பாற்றிய அதே மரபு, ராமன் கதையை மொழிக்கு மொழி வேறு வேறாகச் சொல்ல விட்டது. குர்ஆனை நம்புகிறவர்களுக்கு அது இறைவனின் நேர்ச்சொல். விவிலியத்தைப் பொறுத்தவரை கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பல நிலைகள் உண்டு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளாமல் எல்லா நூலுக்கும் ஒரே சட்டம் போட்டால் பேச்சு உடனே சண்டையாகிவிடும்.

இது நவீன எழுத்தாளர்கள் கொண்டுவந்த பழக்கம்தானே?

இல்லை. வேதநூலுக்கு உள்ளேயே இது நடந்திருக்கிறது. விவிலியத்தில் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ராஜாக்கள் போருக்குப் புறப்படும் பருவம். தளபதி யோவாப் படையோடு போய் ரப்பா நகரத்தை முற்றுகையிடுகிறான். ராஜா தாவீது எருசலேமிலேயே இருந்துவிடுகிறான். அடுத்த வசனத்தில் அவன் மாடியில் உலாவுகிறான், குளித்துக்கொண்டிருக்கும் பத்சேபாளைப் பார்க்கிறான். அவளை வரவழைக்கிறான். அவள் கருவுற்றதும் அவள் கணவன் உரியாவைச் சண்டை மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி யோவாபுக்குக் கடிதம் போகிறது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிறவனே உரியாதான்.

இதே போரைப் பிற்காலத்தில் எழுதப்பட்ட 1 நாளாகமம் 20ஆம் அதிகாரம் மறுபடி சொல்கிறது. அதே பருவம், அதே யோவாப், அதே ரப்பா. தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்ற அதே வாக்கியமும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் ரப்பா விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். பத்சேபாள் இல்லை, உரியா இல்லை, மாடியே இல்லை. தாவீது ஏன் ஊரில் தங்கினான் என்பதற்கு எந்த வேலையும் இல்லாமல் அந்த வாக்கியம் மட்டும் தனியாக நிற்கிறது, சுவரில் படத்தைக் கழற்றிய பிறகு மிஞ்சும் ஆணி மாதிரி.

அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று. தாவீது மக்கள்தொகை எடுத்த கதையில் அவனைத் தூண்டியவர் யார்? சாமுவேலின் புத்தகத்தில் கர்த்தர் (2 சாமுவேல் 24). நாளாகமத்தில் சாத்தான் (1 நாளாகமம் 21). நாளாகமத்தை நான் புனைவு என்று சொல்லவரவில்லை. கைக்கு வந்த கதையைத் தன் காலத்தின் கவலைக்கு ஏற்பத் திருப்பிச் சொல்லும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது என்கிறேன். யூதர்களின் மித்ராஷ் மரபு முழுக்க இந்த வேலைதான்: வசனங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் கதை சொல்லி விளக்குவது.

மூலத்தில் இல்லாததை எழுத அதில் இடம் எங்கே இருக்கிறது?

மூலம் பேசாமல் விட்ட இடத்தில். எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஆதியாகமம் 22. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கதை, மொத்தம் 19 வசனம். மூன்று நாள் பயணம், ஆனால் வழியில் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. மூன்றாம் நாள் வேலைக்காரர்களைக் கீழே நிறுத்திவிட்டு, விறகை மகன் தோளில் ஏற்றி, நெருப்பையும் கத்தியையும் தான் எடுத்துக்கொண்டு தகப்பன் நடக்கிறான். கவனித்தீர்களா, பையனைக் காயப்படுத்தக்கூடிய இரண்டு பொருளும் தகப்பன் கையில். இருவரும் சேர்ந்து போனார்கள் என்று வருகிறது. நெருப்பும் விறகும் இருக்கிறதே, ஆட்டுக்குட்டி எங்கே என்று பையன் கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறான் தகப்பன். மறுபடியும், இருவரும் சேர்ந்து போனார்கள்.

கடைசியில் தேவதூதன் தடுக்கிறான், புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா கிடைக்கிறது. 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வருகிறான், அவர்கள் சேர்ந்து பெயெர்செபாவுக்குப் போகிறார்கள். மூன்றாவது முறையாக ‘சேர்ந்து’. ஆனால் இந்தமுறை ஈசாக்கின் பெயர் இல்லை. தாய் சாராள் இந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை. அடுத்த அதிகாரம் 127ஆம் வயதில் அவள் இறந்ததைச் சொல்லித் தொடங்குகிறது. மலையில் நடந்ததைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில்தான் இறந்தாள் என்று மித்ராஷ் இந்த இரண்டையும் கோத்தது. 1843இல் டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட் இந்தப் பயணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்துதான் தன் தத்துவ நூலையே தொடங்கினார்.

குர்ஆனிலும் (அத்தியாயம் 37) ஒரு தகப்பன் மகனைப் பலியிடப் போகிறார். அங்கே அவர் தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்று மகன் பதில் சொல்கிறான். ஒரு நூல் மௌனமாக விட்ட இடத்தில் இன்னொன்று பேசுகிறது. ஆக, இரண்டிலிருந்தும் ஒரே மாதிரிக் கதை எழுத முடியாது. முன்னதில் எழுத்தாளனுக்குக் கிடைப்பது, தெரியாமல் நடக்கும் ஒரு பையன். பின்னதில், தெரிந்தே நடக்கும் பையன். எதை எழுதுவது கடினம்? எனக்குத் தெரிந்தே நடப்பவனை எழுதத்தான் பயம்.

பக்தியோடு எழுதினால் இந்த அளவு கற்பனை வராது, இல்லையா?

தேம்பாவணியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தமிழில் பாடிய காப்பியம், 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். காப்பியத் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். நான்கு நற்செய்தி நூல்களையும் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் நேராகப் பேசிய ஒரு வாக்கியம்கூடக் கிடைக்காது. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார். வாயே திறக்காத அந்த மனிதரை வைத்து 3615 பாடல் பாடியவர் ஓர் இயேசு சபைக் குரு. சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டையே தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் வெள்ளமும் வயலுமாக வருணித்தார். இருவர் பக்தியிலும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எந்த அளவு மாற்றலாம்? எல்லை உண்டா?

அளவுகோல் வைத்து அளக்க முடியாது. கௌதம முனிவரின் மனைவி அகலிகையை எடுத்துக்கொள்வோம்.

வால்மீகியின் பாலகாண்டத்தில், கௌதமர் வேடத்தில் வந்தது இந்திரன் என்று அவளுக்குத் தெரிகிறது; தேவராஜன் மீதுள்ள ஆவலில் இணங்குகிறாள். சாபத்தில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். ராமன் வந்ததும் சாபம் தீர்கிறது. ராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொடுகிறார்கள். கம்பரில் அவள் கல். ராமனின் கால்தூசி பட்டுப் பெண்ணாகிறாள். தொடும் கால் யாருடையது என்பது தலைகீழாகிவிட்டதைப் பாருங்கள். கம்பர் வேறொன்றும் செய்கிறார்: அவள் உணர்ந்த பிறகும் விலகவில்லை என்று சொன்ன அதே கவிஞர், பின்னால் விசுவாமித்திரர் வாயால் அவளை ‘நெஞ்சினால் பிழைப்பிலாள்’ என்கிறார். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை.

அப்புறம் 1943இல் புதுமைப்பித்தன். ‘சாப விமோசனம்’ கதையில், சாபம் தீர்ந்த அகலிகையைப் பார்க்கச் சீதை வருகிறாள். தான் தீக்குளித்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். ராமன் கேட்டான், செய்தேன் என்கிறாள். தன்னை மன்னித்த அதே ராமனா என்று அகலிகை திகைக்கிறாள். கடைசியில் மறுபடி கல்லாகிறாள்.

வால்மீகியில் இது உண்டா? இல்லை. ஆனால் கதைக்கு வேண்டிய செங்கல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ராமன் அகலிகையை மீட்டது பாலகாண்டத்தில், சீதை தீக்குளித்தது யுத்தகாண்டத்தில். இரண்டுக்கும் நடுவே நான்கு காண்டம் தூரம் இருப்பதால் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. புதுமைப்பித்தன் செய்ததெல்லாம் இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்கார வைத்ததுதான். மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நான் பார்ப்பதில்லை. அந்த மாற்றத்துக்கான விதை மூலத்தில் இருக்கிறதா, எழுதியவர் மூலத்தைக் காதுகொடுத்துக் கேட்டாரா என்றுதான் பார்ப்பேன். கேட்காதவர் எழுதினால் இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

வில்லனை நல்லவனாக்குவதுதானே இதில் பெரும்பாலும் நடக்கிறது?

நடக்கிறது, எனக்கும் அலுத்துவிட்டது. நல்லவன் கெட்டவன் பலகையைத் திருப்பி மாட்டுவதற்கு அதிகம் படிக்க வேண்டாம். ராவணனை உத்தமனாக்கினால் வால்மீகி அவனுக்குக் கொடுத்த குழப்பம், கம்பீரம், அழிவு எல்லாம் போய், மீசை வைத்த ராமன் ஒருவன்தான் மிஞ்சுவான். தோற்றவன் பக்கம், கவனிக்கப்படாதவன் பக்கம் நின்று பார்ப்பது வேறு வேலை. எம். டி. வாசுதேவன் நாயர் 1984இல் பீமனை வைத்து எழுதிய மலையாள நாவலின் பெயர் ‘ரண்டாமூழம்’. தமிழில் ‘இரண்டாம் இடம்’. எப்போதும் அண்ணனுக்கு அடுத்த முறைக்காகக் காத்திருப்பவன். இதற்காக யாரையும் வில்லனாக்க வேண்டியிருக்கவில்லை.

புனைவைப் படித்துவிட்டு மூலமே அதுதான் என்று நம்பிவிடுகிறார்களே?

இது நியாயமான குற்றச்சாட்டு. ஏதேனில் இருந்தது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை, வெறும் கனி. ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் காவியத்தில் ஆப்பிள் என்றே எழுதினார். ஓவியங்களும் அதையே வரைந்தன. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணவில்லை. காணிக்கை மூன்று, அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம். இலக்குவன் கிழித்த கோடு வால்மீகியில் கிடையாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சகுந்தலையின் மோதிரம் மகாபாரதத்தில் இருக்கிறது என்று ஒரு நண்பரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர் ஆதிபர்வத்தை எடுத்து முன்னால் வைத்தார். மோதிரம் இல்லை, மீன் இல்லை, துர்வாசர் சாபம் இல்லை. துஷ்யந்தனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் சபையில் அவளைத் தெரியாது என்கிறான். அவள் அழுது நிற்கவில்லை, நீளமாக, கோபமாக, தர்மம் பேசி வாதாடுகிறாள். அசரீரி ஒலித்த பிறகுதான் அவன் ஒப்புக்கொள்கிறான். உலகம் சந்தேகப்படுமே என்று பயந்தேன் என்கிறான். சாபத்தையும் மோதிரத்தையும் கொண்டுவந்து காளிதாசன் ராஜாவைக் காப்பாற்றிவிட்டான். நாடகம் அற்புதம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் சபையில் வாதாடிய அந்தப் பெண்ணை அந்த அழகே மறைத்துவிட்டது. அதனால் ‘எழுத வேண்டாம்’ என்று ஆகாது. படித்ததும் ஒருமுறை மூலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை உள்ளவர் இதையெல்லாம் படிக்கலாமா?

அது அவரவர் மனசாட்சி. நாவல் வழிபாட்டு நூலில்லை. அதற்கு முன்னால் யாரும் மண்டியிட வேண்டாம், அதை மறுக்க மன்னிப்பும் கேட்க வேண்டாம். நான் பார்த்த நம்பிக்கையாளர்களில் சிலர் பாதியில் மூடி வைத்தார்கள், சிலர் கடைசிவரை படித்துவிட்டு நற்செய்தி நூலைப் பல வருடம் கழித்துக் கையில் எடுத்தார்கள். இருவரும் சரியாகத்தான் செய்தார்கள்.

மனம் புண்படுகிறதே, அதற்கு என்ன பதில்?

புண்படுவது பொய்யில்லை. தாயைப் பற்றி யாரோ கதை கட்டுவது போலத்தான் சிலருக்கு இருக்கும். அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் புண்பட்டேன் என்பதிலிருந்து கத்தி எடுப்பேன் என்பதற்குப் பாதை கிடையாது. எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் 1959இல் அல்-அஹ்ராம் நாளிதழில் ஒரு தொடர் எழுதினார். கெய்ரோவின் ஒரு சந்தில் வாழும் மக்களின் கதை. ஆதம், மூசா, ஈசா, முகம்மது ஆகியோரின் சாயல் அந்தப் பாத்திரங்களில் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது. 1967இல் பெய்ரூட்டில்தான் நூலாக வந்தது. 1994இல், 82 வயதில், வீட்டு வாசலில் ஓர் இளைஞன் அவர் கழுத்தில் குத்தினான். உயிர் பிழைத்தார், ஆனால் எழுதும் கையின் நரம்புகள் கெட்டுவிட்டன.

கிரேக்க எழுத்தாளர் கசன்சாகிஸின் ‘கடைசிச் சோதனை’ நாவலை வத்திக்கான் 1954இல் கத்தோலிக்கர் படிக்கக்கூடாத நூல்களின் தடைப் பட்டியலில் சேர்த்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குக் கல்யாணம், குழந்தை, முதுமை என்று ஒரு சாதாரண வாழ்க்கை கனவாக வந்து ஆசை காட்டுகிறது. அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். கடைசியில் அவர் அந்த வாழ்க்கையை உதறிவிட்டுச் சிலுவைக்கே திரும்புவதோடு நாவல் முடிகிறது என்பதைப் பேசியவர்கள் குறைவு. தடைப் பட்டியலையே திருச்சபை 1966இல் கைவிட்டது.

இஸ்லாமிய மரபில் இப்படி எழுதுவதே இல்லையா?

நபிகளின் வாழ்க்கையைப் புனைவாக்குவதில் மிகுந்த தயக்கம் உண்டு, அதற்கான காரணங்களும் வலுவானவை. ஆனால் யூசுஃப் (விவிலியத்தில் யோசேப்பு) கதையைப் பாருங்கள். அவரை மயக்க முயன்ற எஜமானியின் பெயர் குர்ஆனிலும் இல்லை, விவிலியத்திலும் இல்லை. பின்னால் வந்த மரபு அவளை சுலைகா என்றது. 15ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜாமி அவளை மையமாக வைத்து ஒரு பெரும் காதல் காவியம் பாடினார். அதில் அவள் காதல் இறைக்காதலாகக் கனிகிறது. பெயரில்லாத குற்றவாளி ஒருத்தி ஆன்மிகத் தேடலின் உருவமானாள்.

குழந்தைகளுக்கு எதை முதலில் கொடுப்பது?

மூலக்கதையை. தெரியாத கதையைத் திருப்பிச் சொன்னால் திருப்பம் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கும் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

அர்ஜுனன், கர்ணன், யூதாஸ் என்று பெரிய ஆட்களிடம் முதலில் போகாதீர்கள், அங்கே ஏற்கெனவே கூட்டம். ஒரே வரியில் வந்து போகிறவர்களைத் தேடுங்கள். மூலத்தை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பில் படியுங்கள். உரைகளையும் படியுங்கள், நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருப்பார். அந்தக் காலத்து மனிதர் வாயில் இன்றைய மேடைப்பேச்சை வைக்காதீர்கள். கோபம் இருக்கலாம், அவர்களுடைய சொற்களில் இருக்கட்டும்.

நான் பல வருடமாக எழுதப் பார்த்து முடியாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விவிலியத்தில், சோதனைக்கு ஆளாகிப் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் மனைவி. 2ஆம் அதிகாரத்தில் ஒரே ஒருமுறை வாய் திறக்கிறாள், தேவனைத் தூஷித்துச் செத்துப்போம் என்று. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நீண்ட பேச்சு இருக்கிறது. இந்த ஒரு வரி போதாது என்று அப்போதே யாருக்கோ பட்டிருக்கிறது. கடைசி அதிகாரத்தில் யோபு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. 7000 ஆடு 14000 ஆகிறது, 3000 ஒட்டகம் 6000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை, முன்பு போலவே ஏழு மகன், மூன்று மகள். புது மகள்களுக்குப் பெயர்கூடச் சொல்லப்படுகிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். செத்துப்போன பத்துப் பேருக்கும் பெயர் இல்லை. மனைவி அந்த அதிகாரத்தில் வருவதே இல்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி அவளைக் கேட்கிறாள். கதையை அங்கே தொடங்கினேன். அவள் பதில் மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.